முதல் புதன், நண்பகல்

மாதத்தின் முதல் புதன்கிழமை
பன்னிரண்டு அடிக்கும்போது
பிர்னோ நகரம் முழுக்க அபாயச் சங்கு ஊதும்.
சோதனைக்குத்தான்.
யாரும் ஓடுவதில்லை.
டிராமில் ஒருவர் கைக்கடிகாரத்தைத் திருத்திக்கொள்வார்.
எங்கோ ஒரு நாய் மட்டும் ஊளையிட்டு
வெட்கப்பட்டதுபோல் உட்காரும்.

பதினேழு வருடம்
தீயணைப்புப் படையில் தொண்டனாக இருந்தவன் நான்.
இன்னும் அந்த ஒலிக்கு
இடது கால்தான் முதலில் எழும்,
பூட்ஸைத் தேடி.

இப்போது சம்பளத்துக்கு மீன் வளர்க்கிறேன்.
ஆய்வகத்தின் அடித்தளத்தில்
நாலாயிரம் வரிக்குதிரை மீன்கள்.
காலையில் விளக்கைப் போட்டால் முட்டையிடும்.
சொன்ன நேரத்துக்குச் சொன்ன வேலை.
என் மனைவி ஜ்டெனா என்னிடம் கேட்டதும்
அவ்வளவுதான்.

அன்று மிலாடா மேலே கூப்பிட்டாள்:
"ஓல்ட்ரிக், ஓடி வாங்க. இது காத்திருக்காது."

நுண்ணோக்கியில் ஒரு கரு.
முப்பத்துநாலு மணி நேரம் அதன் வயது.
கண்ணாடி உடம்பு, ஒளித்துவைக்க இடமில்லை.
முதுகுத் தண்டுக்கு அடியில் பெருந்தமனி.
அதன் தரையில் பதிந்திருந்த செல் ஒன்று
பச்சையாய் மினுங்கி
மெல்ல முதுகை வளைத்தது.
வளைந்தது, இன்னும் வளைந்தது,
குழாயின் கல்லாக இருந்தது
குழாயைவிட்டுக் கழன்று
கீழே இறங்கிப் போயிற்று.
"இனி இந்த மீனின் ரத்தமெல்லாம்
இதைப் போன்ற ஒரு கைப்பிடியின் வயிற்றில்" என்றாள்.

இறங்கச் சொன்னது யார்?

பெயர் சொன்னாள்.
கட்டியைச் சாகடிக்கும் காரணி.
பேறுகாலத்துக்கு ஆகாத பெயர்.
காய்ச்சலில் என்னைப் போர்வைக்குள் உதறவைப்பதும்
அக்காவின் விரல்மூட்டுகளை வீங்கவைப்பதும்
அதுவேதானாம்.

"அப்படியென்றால் கிருமி?"
தண்ணீரில் குறை சொல்கிறாளோ என்று
எனக்குக் கொஞ்சம் சுருக்கென்றது.
"கிருமியில்லை. காயமில்லை.
முதலில் பிறந்த வெள்ளையணுக்கள் சில
அந்தப் பக்கம் சுற்றித் திரிகின்றன.
அவற்றுக்கு ஆயுள் கொஞ்சம்தான்.
அவை கொடுக்கும் குரல் இது."

நெருப்பில்லாமல் புகையாது என்பார்கள்.
இங்கே நெருப்பும் இல்லை, புகையும் இல்லை,
சங்கு மட்டும்.
அதைக் கேட்டு
எரிந்துபோக அல்ல,
எழுந்து வர ஒரு செல்.

எத்தனை பொய்யழைப்புக்கு ஓடியிருக்கிறேன்!
பள்ளிச் சமையலறையில்
கருகிய உருளைக்கிழங்குக்காக ஆறு பேர்,
ஏணியோடு.
திட்டிக்கொண்டே திரும்பினோம்.
ஆனால் யோசித்தால்
தீயில்லாத அந்த ஓட்டங்களில்தான்
நாங்கள் படையானோம்.

மிலாடா அடுத்த தட்டை நகர்த்தினாள்.
அந்தக் குரலைக் கேட்கும் காதை
அடைத்துவைத்த கருக்கள்.
இதயம் தட்டியது.
முதல் ரத்தம், கையிருப்பு ரத்தம்,
ஓடிக்கொண்டுதான் இருந்தது.
தமனியின் தரை மட்டும்
வழவழவென்று, பச்சைப் புள்ளி அரிதாகி.

அப்படியோர் அமைதியை
ஒரே ஒருமுறை பார்த்திருக்கிறேன்.
சங்கு பழுதாகிக் கிடந்த இரவில்
மால்ட் கிடங்கு ஒன்று
கேட்பாரில்லாமல் எரிந்து முடிந்திருந்தது.
நாங்கள் போனபோது விடிந்துவிட்டது,
பறவைகள்கூடப் பாடின.

"குரல் கூடிப்போனால்?" என்றேன்.
"கூடினால் வேறு கதை"
என்று குறிப்பேட்டில் குனிந்துகொண்டாள்.
அவளுக்கும் தெரியாது போல. பிடித்தது.

மாலையில் தட்டுகளைக் கழுவுவது என் வேலை.
ஒன்றில் நாற்பத்தொன்று, மற்றதில் முப்பத்தெட்டு.
மயக்க மருந்து, பிறகு வெளுப்பு.
எண்ணி எழுத வேண்டும், எழுதினேன்.
எது கேட்டது, எது கேட்கவில்லை என்று
வெறுங்கண்ணுக்குத் தெரியவில்லை.

இன்று மறுபடி புதன், நண்பகல்.
தொட்டிகளின் கண்ணாடி லேசாக அதிர்ந்தது.
நாலாயிரம் மீனும் ஒருமுறை திரும்பி
உடனே தீனிக்கு வாய் திறந்தன.
என் இடது கால் எழுந்தது.
கீழே வைக்க
இந்த முறை எனக்கு அவசரமில்லை.